வெள்ளை வண்டி, சாம்பல் வண்டி

என் கையெழுத்துக்கும் அதில் வரப்போகும் பிழைகளுக்கும் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாவது வரைதான் படித்தேன். எந்த இடத்தில் எந்த ‘ர’ போடுவது என்பது இன்றுவரை எனக்குத் தடுமாற்றம்தான். முப்பது வருடமாக நான் எழுதியதெல்லாம் தோல் பதனிடும் டேனரியில், தோலின் உள்பக்கத்தில், சாக்பீஸால் ஒற்றை எழுத்து. ஏ, பி, சி. கழிவு என்றால் ஒரு பெருக்கல் குறி. குறை இருக்கும் இடத்தைச் சுற்றி ஒரு வட்டம். அவ்வளவுதான் என் எழுத்து. கோடு போட்ட நோட்டில் எழுத உட்கார்ந்தால் பேனா கோட்டை விட்டு இறங்கி இறங்கிப் போகிறது.

என் மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். அவனோடு வேலை செய்யும் ஒருவர் கார் வாங்கப் போகிறாராம். மூன்று வருடத்துக்கு முன்பு நாங்கள் எந்த இரண்டு வண்டிகளைப் பார்த்து ஒன்றை வாங்கினோமோ, அதே இரண்டில்தான் அவருக்கும் குழப்பம். மகன் போனில் சொன்னான்: “ரெண்டையும் நேர்ல போய்ப் பாத்தது நீதானப்பா. ஓட்டுறவனும் நீதான். எது நல்லதுன்னு நாலு வரி எழுதிக் குடு, நான் வந்து போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பிடறேன்.” அவன் கேட்டது ஆடி மாதத்தில். நாலு வரி எழுத எனக்கு இத்தனை நாள் ஆனது. எழுதிப் பார்த்தால் நாலு வரியில் முடியவும் இல்லை.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். பதனிட்டு, சாயம் ஏற்றி, காய்ந்து வரும் தோல்களை நீள மேசையில் விரித்துத் தரம் பிரிப்பது என் வேலை. கட்டைவிரலால் அழுத்தினால் மேலே விழும் சுருக்கம் சின்னதா பெரியதா, கழுத்துப் பக்கம் எவ்வளவு தளர்வு, உண்ணி கடித்த தழும்பு எங்கே, உரிக்கும்போது கத்தி பட்டது எங்கே, எல்லாம் கைக்குத் தெரியும். இரண்டு தோலைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு இதுவா அதுவா என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். எங்கள் மேசையில் ஒரு வழக்கம் உண்டு. பார்க்கிறவன் பேசமாட்டான். வட்டம் போடுவான், எழுத்துப் போடுவான், அடுத்த தோலுக்குப் போவான். யாராவது ஏன் என்று கேட்டால்தான் வாயைத் திறப்பான். நான் பேசக் கூச்சப்படுகிற ஆள். அதனால் அந்த வேலை எனக்குப் பிடித்துப்போய் அங்கேயே இருந்துவிட்டேன்.

என் மனைவி இருபத்திரண்டு வருடம் ஷூ கம்பெனியில் இருந்தாள். ஷூவின் மேல்தோலை ஓரம் மடித்து ஒட்டும் மேசை. நின்றுகொண்டே செய்யும் வேலை. வேலையை விட்டு நிற்கும்போது இரண்டு முட்டியும் தேய்ந்துபோயிருந்தன. டாக்டர் ஆபரேஷன் என்றார். அவள் பயந்துகொண்டு தைலத்திலேயே காலத்தை ஓட்டினாள்.

அவளுக்கு ஒரே ஓர் அக்கா. ஆற்காட்டில் கட்டிக்கொடுத்திருந்தது. அக்காவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை, வலது கால் விழுந்துவிட்டது. படுக்கையில் இருந்தவரை அவர் மகள்தான் வைத்துப் பார்த்துக்கொண்டாள். என் மனைவி பதினைந்து நாளைக்கு ஒரு தடவை பஸ்ஸில் போய் வருவாள். ஆம்பூரில் ஏறி வேலூர், அங்கே மாறி ஆற்காடு. காலையில் போனால் பொழுது சாயும்போது வருவாள். அக்காவுக்கு முட்டிக்குக் கீழே தொங்குகிற முடி. அந்த வயதிலும் அவ்வளவு அடர்த்தி. வேறு யார் சீப்பை எடுத்தாலும் இழுக்கிறார்கள் என்று கத்துவாராம். தங்கச்சி வந்தால் மட்டும் தலையைக் கொடுப்பார். என் மனைவி சிக்கெடுத்து, எண்ணெய் வைத்து, இரண்டாகப் பின்னிவிட்டு வருவாள். அந்தப் பின்னல் பதினைந்து நாள் தாங்கும்.

ஒரு தடவை வேலூரில் பஸ் மாறும்போது கூட்டத்தில் இடித்து விழுந்துவிட்டாள். அதைக் கேட்டுத்தான் மகன், “கார் வாங்கிடலாம்பா, வாரா வாரம் நீயே அம்மாவக் கூட்டிட்டுப் போ,” என்றான். எனக்கு ஓட்டத் தெரியும். முன்பு கம்பெனி வேனை ஓட்டியிருக்கிறேன், லைசென்ஸும் இருந்தது. அவன் இரண்டு வண்டிகளைப் பொறுக்கி எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஒரு பட்டியல் செய்து என் போனுக்கு அனுப்பினான். எல்லாம் இங்கிலீஷ். போனிலேயே படித்துப் படித்துச் சொன்னான். இதில் மைலேஜ் ஜாஸ்தி, அதில் டிக்கி பெரிசு. இதில் ஏர்பேக் ஆறு, அதிலும் ஆறு. இதில் மேலே கண்ணாடி திறக்கும், அதில் பின்சீட்டுக்குத் தனியாக ஏசி காற்று வரும். கடைசியில், “ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதாம்பா. எனக்கு முடிவு பண்ண முடியல. நீ போய்ப் பாரு, உன் கைக்குத் தெரியும்,” என்றான்.

அந்த ஒரு வார்த்தையில் எனக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். தோலைத் தவிர வேறு எதிலும் என்னை அதுவரை யாரும் யோசனை கேட்டதில்லை. அவன் படிப்பைக்கூட அவனேதான் முடிவு செய்தான். மறுநாள் மேசையில் எனக்கு எதிரே நிற்கும் பாயிடம் சொன்னேன். இருபது வருடமாக எதிரெதிரே நிற்கிறோம், என்னை நன்றாகத் தெரிந்தவர். சிரித்தார். “தோஸ்த், நீ வண்டி பாக்கப் போறியா, சீட்டப் பாக்கப் போறியா?” என்றார். நானும் சிரித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் வேலூருக்குப் போனோம். ரோட்டோரத்திலேயே இரண்டு ஷோரூமும் அரைமைல் தள்ளித் தள்ளி இருந்தன. முதலில் சாம்பல் நிற வண்டி. உள்ளே தரை கண்ணாடி மாதிரி இருந்தது. செருப்பை வெளியே விடுவதா வேண்டாமா என்று நான் வாசலில் நின்றுவிட்டேன். “உள்ள வாங்க, கோயிலா இது,” என்று மனைவி முன்னே போனாள்.

டை கட்டிய இளைஞர் வந்தார். கதவைத் திறந்து காட்டினார். திரையைத் தொட்டுக் காட்டினார். பின் கதவைத் திறந்ததும் என் மனைவி முதலில் சீட்டில் உட்கார்ந்தாள். பிறகு உட்கார்ந்தபடியே இரண்டு காலையும் ஒன்றாக உள்ளே எடுத்துக்கொண்டாள். வீட்டில் நாற்காலியில் உட்காருவது மாதிரி. நான் பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அந்த இளைஞர் அதே நேரத்தில், “சீட் ஃபுல்லா ஜெனுயின் லெதர் சார்,” என்று சொல்லிவிட்டார். என் கை சீட்டுக்குப் போய்விட்டது.

அது தோல் இல்லை. தொட்ட உடனே தெரிந்துவிட்டது. கட்டைவிரலால் அழுத்தினேன், சுருக்கமே விழவில்லை. குனிந்து பார்த்தேன். ஒரு புள்ளி, அதன் பக்கத்தில் வளைந்த ஒரு கோடு. ஒரு சாண் தள்ளி அதே புள்ளி, அதே கோடு. இன்னொரு சாண் தள்ளி மறுபடியும். மாட்டுத் தோல் அப்படி முளைக்காது. நான் எப்போது சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. மூன்று இடத்திலும் வட்டம் போட்டுவிட்டேன்.

“சார், இன்னா சார் பண்றீங்க,” என்று அந்த இளைஞர் ஓடிவந்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது. மனைவி முந்தானையை எடுத்து வட்டங்களைத் துடைத்தாள். துடைக்கும்போதே கையால் ஒரு தடவு தடவினாள். அவளும் இருபத்திரண்டு வருடம் தோலைத் தொட்டவள்தானே.

“ரெக்ஸினா?” என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டாள். தலையாட்டினேன்.

“பரவால்ல. ஒக்கார நல்லாத்தான் கீது,” என்றாள்.

வெளியே வந்து அடுத்த ஷோரூமுக்கு நடக்கும்போது நான் சொன்னேன்: “தோலுக்கே பொய் சொல்றவன் இன்ஜினுக்குச் சொல்ல மாட்டானா?” அன்று நான் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். அவள் ரோட்டோரத்தில் மெதுவாக நடந்து வந்தாள். நான் பத்தடி முன்னால் போய்க்கொண்டிருந்தேன்.

அடுத்தது வெள்ளை வண்டி. சக்கரம் பெரிசு, தரையிலிருந்து நல்ல உயரம். பார்த்தாலே ஒரு கம்பீரம். அங்கே இருந்தவர் கொஞ்சம் வயதானவர். நான் சீட்டில் கை வைத்ததும் அவரே சொன்னார்: “ஒக்கார்ற எடம் மட்டும்தாங்க லெதர். சைடு, பின்பக்கம் எல்லாம் இல்ல.” தடவிப் பார்த்தேன். அவர் சொன்னது அப்படியே சரியாக இருந்தது. இரண்டும் சேரும் தையலைக்கூட என் விரல் கண்டுபிடித்தது. தையலுக்குப் பக்கத்தில் அரிசி அளவில் ஓர் உண்ணித் தழும்பு இருந்தது. எங்கள் மேசையாக இருந்தால் அதைச் சுற்றி வட்டம் போட்டுத் தரத்தைக் குறைத்திருப்பேன். அன்றைக்கு அதைப் பார்த்ததும் ஊரில் தெரிந்தவரைப் பார்த்த மாதிரி இருந்தது.

இந்தப் பக்கம் நான் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கக் கதவில் என் மனைவி நின்றாள். வலது காலைத் தூக்கினாள். இறக்கினாள். உள்ளே மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்தாள். மறுபடியும் தூக்கினாள். பாதி தூரம் போய் இறக்கிவிட்டாள். இப்போது கண்ணை மூடினாலும் அந்தக் கால் ஏறுவதும் இறங்குவதும் எனக்குத் தெரிகிறது. அப்போது நான் அவளைக் கூப்பிட்டேன். “இங்க வந்து பாரு,” என்றேன்.

அவள் சுற்றிக்கொண்டு வந்தாள். தழும்பின் மேல் விரலை வைத்தாள். “ஆமா, நெஜத் தோல்தான்,” என்றாள்.

நான் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். நான் தோலைத்தான் காட்டினேன், அவள் தோலைப் பற்றித்தான் சொன்னாள். வண்டியைப் பற்றி நான் கேட்கவே இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாகப் பேசவந்த ஒரே விஷயம் அதுதான். அதைப் பேசி முடித்ததும் எல்லாம் பேசி முடித்துவிட்ட மாதிரி நான் நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பெரியவர் மட்டும் அவளைக் கவனித்திருந்தார். “ஓரத்துல நீளமா ஒரு படி மாதிரி மாட்டலாங்க. அம்மாவுக்கு ஏற வசதியா இருக்கும்,” என்றார். எங்கள் தொழிலில் மேல்பூச்சு ஜாஸ்தி போட்ட தோல் என்றால் அடியில் குறை இருக்கிறது என்று அர்த்தம். கூட ஏதாவது சேர்த்துக் கொடுக்கிறேன் என்று யார் சொன்னாலும் எனக்கு அந்த ஞாபகம்தான் வரும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அன்று இரவே மகனிடம் வெள்ளை வண்டி என்றேன். ஏன் என்று கேட்டான். விவரமாகச் சொன்னேன். “சூப்பர்பா, இது எந்த வீடியோவுலயும் வரல,” என்றான்.

வண்டி ஆவணியில் வந்தது. மாலை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து, தெருவில் எல்லோரும் பார்க்க எடுத்தோம். மறுவாரம் ஆற்காட்டுக்குப் புறப்பட்டோம். “நீங்க போய் ஒக்காருங்க, நான் ஏறிக்கிறேன்,” என்றாள் மனைவி. நான் போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்துகொண்டேன். தெருவில் நாலு பேர் பார்க்க அவள் கையைப் பிடித்துத் தூக்கிவிடுவது என்பது எனக்கு வராத காரியம். கல்யாணத்தன்று ஐயர் சொன்னதற்காகப் பிடித்தது. அதன் பிறகு வெளியில் வைத்து அவள் கையைப் பிடித்த ஞாபகம் இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். வீட்டுக்குள் போய்ப் பிளாஸ்டிக் முக்காலியை எடுத்துவந்து, அதன் மேல் ஏறி, கைப்பிடியைப் பிடித்து, பக்கவாட்டில் விழுந்த மாதிரி உள்ளே வந்தாள். பிறகு குனிந்து முக்காலியை எட்டி எடுத்துக் காலடியில் வைத்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது. “போலாம்,” என்றாள்.

ஆற்காட்டில் அக்காவின் கட்டில் ஜன்னலோரம் இருந்தது. வண்டி அவருக்குத் தெரிகிற மாதிரி நிறுத்தினேன். வாய் கொஞ்சம் கோணியிருந்தாலும் பேச்சில் எப்போதும் ஒரு குத்தல் இருக்கும்.

“தம்பி, தேர் மாதிரி கீது. நல்லாருக்கு,” என்றார். பிறகு, முக்காலியோடு இறங்கிக்கொண்டிருந்த தங்கச்சியைப் பார்த்தார். “இன்னாடி, ஏணியும் கையோட எடுத்தாந்துட்டியா? தேருக்குப் பூசாரி நீதானா?”

எல்லோரும் சிரித்தோம். எதிர்வீட்டு வாசலில் நின்றவர்களும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். உள்ளே போய்ச் சீப்பை எடுத்துக்கொண்டு அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். நான் வெளியே வந்து வண்டியில் படிந்த தூசியைத் துடைத்தேன். திரும்பும்போது அக்காவின் மகள் ஒரு டப்பா மக்கன் பேடா இனிப்பு கொடுத்தனுப்பினாள்.

அப்படி நாலு ஞாயிற்றுக்கிழமை போனோம். ஐந்தாவது வாரம் தலைவலி என்றாள். ஆறாவது வாரம் வீட்டில் வேலை இருக்கிறது என்றாள். அப்புறம் யாரோ வருவதாகச் சொன்னார்கள் என்றாள், யாரும் வரவில்லை. இடையில் ஒரு தடவை தீபாவளிக்கு மறுநாள் போய்வந்தோம். அதன் பிறகு போகவில்லை. தினமும் அக்காவுடன் போனில் பேசுவாள், நான் உள்ளே வந்தால் பேச்சு மெதுவாகும். நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் வண்டியைக் கழுவி, சீட்டைத் துடைத்து, துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு வாசலில் நிற்பேன். அவள் சமையற்கட்டை விட்டு வெளியே வரமாட்டாள். உனக்கு என்ன ஆச்சு என்று ஒரு தடவை உட்கார்ந்து கேட்டிருக்கலாம். எனக்கு உள்ளுக்குள் பேஜாராகிக்கொண்டே வந்தது. நான் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியதை இவள் மதிக்கவில்லையே என்றுதான் என் மனம் போயிற்று. முட்டி ஞாபகம் வரவில்லை.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கழுவி முடித்துவிட்டு உள்ளே போய்ச் சொன்னேன்: “உன் கூடப் பொறந்தவளப் பாக்க உனக்கே அக்கற இல்ல. எனக்கு இன்னா வந்துது.”

அவள் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் உருவ ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நாங்கள் எடுக்கவில்லை.

மாசியில் அக்கா போய்விட்டார். விடிகாலையில் போன் வந்தது. முக்காலியை எடுக்க மறந்துவிட்டோம். வீட்டு வாசற்படியை ஒட்டி வண்டியை நிறுத்தி எப்படியோ ஏறிவிட்டாள். ஆற்காட்டில் அந்தத் தெரு தாழ்வு. வாசலில் பந்தல் போட்டு, பெண்கள் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். இவள் கதவைத் திறந்து, காலைக் கீழே விட்டுத் துழாவினாள். தரை எட்டவில்லை. சறுக்கி இறங்கி இரண்டு முட்டியும் மண்ணில் பட விழுந்தாள். அழுகையில் விழுந்ததாக எல்லோரும் நினைத்துக்கொண்டு தூக்கிப் போனார்கள். நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே அக்காவைக் கிடத்தியிருந்தார்கள். தலையில் முடி இல்லை. காதோடு ஒட்டக் கத்தரித்திருந்தது. முதலில் எனக்கு யாரோ வேறு ஆளைப் பார்ப்பது மாதிரி இருந்தது. என் மனைவி அழுகையை நிறுத்திவிட்டு அந்தத் தலையையே பார்த்தாள். கையை நீட்டி, பின்னல் இருக்கவேண்டிய இடத்தில் தலையணையைத் தடவினாள்.

“சிக்கு விழுந்துடுச்சு சித்தி,” என்றாள் அக்காவின் மகள். “யாரையும் தொட உடல. புண்ணாயிடும்னு நர்ஸ் சொன்னாங்க. போன மாசந்தான் வெட்டுனோம்.”

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தி நடந்துகொண்டிருந்தபோது அக்காவின் மகள் என்னிடம் வந்தாள். என் மேல் அவளுக்குக் கோபம் எதுவும் இல்லை. பெரியவர்கள் விஷயத்தில் பேசலாமா என்ற தயக்கம் மட்டும் இருந்தது.

“சித்தப்பா, தப்பா எடுத்துக்காதீங்க,” என்றாள். “சித்திக்கு அந்த வண்டில ஏற முடியல. அம்மாகிட்ட தெனம் போன்ல சொல்லுவாங்க. அம்மா, பஸ்லயே வாடின்னுவாங்க. சித்தி ஒரு நாள் பஸ்ஸுக்குக் கௌம்பினாங்களாம். உங்க தெருவுல, இன்னாக்கா, வீட்ல கார் நிக்குது, சண்டையான்னு கேட்டாங்களாம். திரும்பி வந்துட்டாங்க. அவரு பாத்து வாங்குனது, நான் பஸ்ல போனா அவரு மனசு ஒடஞ்சிடும், எங்கயும் வாயத் தொறக்காத மனுஷன், இதுலதான் மொத மொறையா சந்தோஷப்பட்டாருன்னு சொல்லுவாங்க.”

என் கையில் தண்ணீர் டம்ளர் இருந்தது. அதைக் குடித்தேனா கீழே வைத்தேனா என்று நினைவில்லை.

கார் வருவதற்கு முன்பு, முட்டி வலியோடு, கூட்டத்தில் இடிபட்டு, பதினைந்து நாளைக்கு ஒரு தடவை அவள் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் படி உண்டு, கம்பி உண்டு, வயதான பெண் ஏறினால் கைகொடுக்கப் பக்கத்தில் யாராவது உண்டு. நான் காரை வாங்கி வாசலில் நிறுத்தி அந்த வழியை அடைத்துவிட்டேன். அவளைக் கூட்டிப்போகத்தான் வாங்கினேன். யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், இதை வேறு மாதிரி சொல்ல எனக்கு வரவில்லை.

ஊருக்கு வந்த மறுநாளே லீவு போட்டுவிட்டு வேலூர் போய் இரண்டு பக்கமும் படி மாட்டிவந்தேன். அரை மணி நேர வேலை. மாட்டியதை நான் வாசலில் இருந்து கூப்பிட்டுக் காட்டினேன். அவள் வந்து பார்த்தாள். ஒரு காலை வைத்து ஏறினாள், உள்ளே உட்கார்ந்தாள், இறங்கினாள். “நல்லாத்தான் இருக்கு,” என்றாள். பிறகு அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று உள்ளே போய்விட்டாள். அவள் அழுதிருந்தாலும் திட்டியிருந்தாலும் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மார்கழியில் சொன்ன வார்த்தைக்கு நான் மன்னிப்புக் கேட்டேனா என்றால், வாயால் கேட்கவில்லை. இப்போது அவள் ஏறும்போதெல்லாம் நான் இறங்கிச் சுற்றிவந்து கையை நீட்டுகிறேன். தெருவில் யார் நின்றாலும் நீட்டுகிறேன். முதல் நாள் அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது. “இன்னா இது புதுசா, எல்லாரும் பாக்கறாங்க,” என்றாள். ஆனாலும் பிடித்துக்கொண்டாள். போகும் இடம் பெரும்பாலும் முட்டிக்கு வேலூர் ஆஸ்பத்திரி. ஆற்காட்டுப் பக்கம் எப்போதாவது ஒரு விசேஷத்துக்குப் போவோம். அந்த வீட்டு ஜன்னலோரம் இப்போது தையல் மிஷின் இருக்கிறது.

இனி மகன் கேட்டதற்கு வருகிறேன். வெள்ளை வண்டி இதுவரை ஒரு நாளும் நடுரோட்டில் நிற்கவில்லை. மேட்டில் நன்றாக இழுக்கும். ஏசி நல்ல குளிர்ச்சி. சீட் மூன்று வருடத்தில் இன்னும் அழகாகத்தான் ஆகியிருக்கிறது, நல்ல தோல் அப்படித்தான். சாம்பல் வண்டியை நான் ஓட்டிப் பார்க்கவே இல்லை. அதன் இன்ஜினைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமலே கழிவு என்று பெருக்கல் குறி போட்டவன் நான். அதனால் ஐயா, உங்கள் வீட்டில் அம்மா இருக்கிறாரா, முட்டி எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இருந்தால் அவரையும் கூட்டிப்போங்கள். அவர் ஏறும்போது நீங்கள் அந்தப் பக்கமே நில்லுங்கள். வேறு எதையும் தொட்டுப் பார்க்கவேண்டாம். எது பிடித்தது என்று வாயைத் திறந்து கேளுங்கள்.

இதுவரை எழுதிவிட்டு நிறுத்தியிருந்தேன். இன்று மத்தியானம் மனைவி வந்து எதிரில் உட்கார்ந்தாள். மூன்று நாளாக நோட்டும் கையுமாக இருக்கிறேனே, என்ன எழுதுகிறேன் என்று கேட்டாள். மகனோடு வேலை செய்பவருக்கு எந்த வண்டி நல்லது என்று எழுதுகிறேன் என்றேன். பிறகு நானே கேட்டேன், “நீ சொல்லு, எது எழுதட்டும்?” என்று. மூன்று வருடம் கழித்துக் கேட்டேன்.

“சாம்பல் வண்டின்னு எழுதுங்க,” என்றாள். “ஒக்காந்துட்டுக் கால எடுத்துக்கலாம்.”

“ரெக்ஸினாச்சே,” என்றேன்.

“ரெக்ஸின்னா இன்னா. தொடச்சா போச்சு.”

அதை அப்படியே எழுதிவிட்டேன்.

புரட்டாசி மாதம் பதினோராம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.